கோபுரத்தில் தவறியவர்

கூகைமலைக் கோபுரத்தைப் பற்றி ஊரில் வழங்கும் கதைகளை எண்ண உட்கார்ந்தால் அதன் படிகளைவிட அதிகமாக வரும். படிகள் எழுபத்திரண்டு.

பாளையக்காரர் ஒருவர் எதிரிப் படையின் புழுதி தெரிகிறதா என்று பார்க்கக் கட்டினார் என்பார்கள் சிலர். இல்லை, கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போன மனைவி திரும்பி வருகிறாளா என்று பார்க்கத்தான் கட்டினார் என்பார்கள் வேறு சிலர். பின்னாளில் கப்பலில் வந்த மணியை மலைமேல் ஏற்றியபோது பன்னிரண்டு காளைகளும் பாதி வழியில் படுத்துவிட்டனவாம். மோர் விற்க வந்த ஒருத்தி மணியின் காதில் ஏதோ சொன்ன பிறகுதான் வண்டி நகர்ந்ததாம். மணிக்கு ஏது காது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

கோபுரத்தின் அடியில் கன்னியர் மடம். அது தொடங்கி நூற்றைம்பது வருடம் ஆனதை ஒட்டி ஒரு மலர் வெளியிடுவதாக முடிவாயிற்று. எழுதும் பொறுப்பு சிஸ்டர் பிரகாசிக்கு வந்தது. சமவெளியில் சபையின் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருடம் சரித்திரம் நடத்தியவர். மலைக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

மடத்தின் தலைவி மதர் தெக்லா. அவருக்கு வயது நாற்பத்தொன்று, பிரகாசிக்கு ஐம்பத்திரண்டு. மடத்தில் வயது பார்ப்பதில்லை. பிரகாசி கேட்கிறவர், தெக்லா பதில் சொல்கிறவர். எந்தப் பதிலையும் நேராகச் சொல்லிவிட மாட்டார் என்பது வேறு விஷயம்.

பிரகாசி கதைகளை ஒரு நோட்டில் சேர்த்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு கதைக்கும் பக்கத்தில் சொன்னவர் பெயரையும் மறக்காமல் எழுதுவார். மோர்க்காரி கதைக்கு நேரே, 'சொன்னது: தபால்காரர்' என்று இருந்தது. அறுபது கதை சேர்ந்துவிட்டது. ஒரே ஒரு கதையை மட்டும் அவர் எழுதவில்லை. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதை அதுதான்.

மடத்தின் வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பழைய தாள் மாட்டியிருக்கிறது. மடத்தில் அன்றாட நடப்பை எழுதிவந்த நாளேட்டில் கரையான் விட்டுவைத்த ஒரே தாள். அதில் இப்படி இருக்கும்:

'1887 ஆகஸ்டு 14. சகோதரி சிசிலி கோபுரத்தில் தவறினார். மூன்று நாள் மௌனம்.'

அவ்வளவுதான். மிச்சத்தைக் கரையான் தின்றுவிட்டது.

எழுபத்தைந்தாம் வருடத்து மலரை எழுதிய சாமியார் இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு மூன்று பக்கம் எழுதினார். சிசிலி என்ற இளம் கன்னி மனம் தவறினாள், கோபுரத்தின் உச்சியில் கால் தவறினாள், உயிர் தவறினாள் என்று ஒரே சொல்லை மூன்று தடவை பிழிந்தார். அவளாகவே குதித்தாள் என்பதையும் சாடைமாடையாகச் சொல்லிவைத்தார். அந்தத் துயரத்தில் மடமே மூன்று நாள் பேச்சை விட்டதாம். ஊர் தன் பங்குக்கு ஒரு குதிரைக்காரனையும் சேர்த்துக்கொண்டது. மடத்துக் கல்லறைகளில் சிலுவைதான் இருக்கும், பெயர் எழுதும் வழக்கம் இல்லை. அதனால் சிசிலியைத் தேடிப் பார்த்தவர்களும் இல்லை. மதிலுக்கு வெளியே புதைத்திருப்பார்கள் என்று எல்லாரும் முடிவு செய்துகொண்டார்கள்.

திருவிழாவுக்கு வருகிறவர்கள் மடத்துக் கதவைத் தட்டி, விழுந்த சிஸ்டர் எந்த இடத்தில் விழுந்தாங்க என்றுதான் முதலில் கேட்பார்கள். பிரகாசி கதவு திறக்கப் போவதே இல்லை. முறை வந்த நாளிலும் வேறொருவரிடம் மாற்றிக்கொள்வார். வெட்கப்படுகிற சுபாவம் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

விஷயம் அதுவல்ல. சிசிலி, பிரகாசியுடைய தாத்தாவின் அத்தை.

பஞ்ச காலத்தில் அந்தக் குடும்பம் பிழைப்புத் தேடிக் கண்டித் தேயிலைத் தோட்டத்துக்குப் போனது. சிசிலியை மட்டும் கன்னியர் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். இரண்டு தலைமுறை கழித்து மலையடிவாரத்துச் சுனைக்குளத்துக்கு அவர்கள் திரும்பி வந்தபோது சிசிலி இல்லை, கதைதான் இருந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு 'விழுந்தவ வீடு' என்று பெயர். ரேஷன் கடைக்குப் போனால்கூட அப்படித்தான் அடையாளம் சொன்னார்கள். பிரகாசி கன்னியாகப் போகிறேன் என்றபோது அவர் அப்பா, ஒருத்தி போனது போதாதா என்று மூன்று நாள் சாப்பிடவில்லை. சொந்த ஊர் எது என்று சபையில் கேட்டபோது பிரகாசி தன் அம்மாவின் ஊரைச் சொன்னார். அன்று சொன்ன அந்தப் பொய் முப்பத்துநாலு வருடமாகக் கூடவே வந்துகொண்டிருந்தது.

முப்பத்துநாலு வருடமும் ஜெபமாலையில் பத்து ஜெபம் கொண்ட ஒரு பத்தைச் சிசிலிக்காகத் தனியாகச் சொல்லிவந்தார். தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவளுக்காக ஜெபித்தால் கடவுள் கேட்பாரா என்று யாரிடமாவது கேட்க ஆசை. கேட்டால் யார் அவள் என்ற கேள்வி வரும். அதனால் கேட்கவில்லை.

இப்போது மலர் அச்சுக்குப் போக ஒன்பது நாள்தான் இருந்தது. அந்தக் கதையை எழுதினால் குடும்பத்தின் தலையில் இன்னொரு நூறு வருடத்துக்கு அது அச்சாகிவிடும். விட்டால் சரித்திரம் நடத்தியவர் சரித்திரத்தை ஒளித்ததாக ஆகும். பிரகாசி இரண்டு நாளாகச் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். கடைசியில் மதர் தெக்லாவைத் தேடிப் போனார்.

மதர் முற்றத்தில் உட்கார்ந்து ஒரு வடக்கயிற்றின் முறுக்கைப் பிரித்துக்கொண்டிருந்தார். அது சிஸ்டர் அடைக்கலமேரி இழுத்து மணியடிக்கும் கயிறு. போன வாரம்தான் அறுந்தது. அன்றிலிருந்து மதரே மேலே ஏறி மணியடித்துவந்தார். துணி உலர்த்தும் கொடி கட்ட ஆகும் என்று எடுத்து வைத்திருந்தார்.

பிரகாசி எல்லாவற்றையும் சொன்னார். தன் ஊரை, வீட்டுக்கு இருக்கும் பெயரை, ஜெபமாலையின் அந்தப் பத்தை. சொல்லும்போது குரல் உடைந்தது. மதர் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இப்ப சொல்லுங்க மதர். எழுதவா, விடவா?"

மதர் ஒரு புரியைப் பிரித்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"அடைக்கலமேரிக்கு முட்டி வீங்கியிருக்கு," என்றார். "இன்னைக்கு மத்தியான மணி நீங்க அடிங்க. கயிறு இல்ல. மேல ஏறித்தான் அடிக்கணும்."

பிரகாசிக்குக் கோபம் வந்தது. முப்பத்துநாலு வருடமாக நெஞ்சில் வைத்திருந்ததைக் கொட்டினால் கையில் ஒரு வேலையைக் கொடுக்கிறாரே. அதுவும் எந்த வேலை. அந்தக் கோபுரத்தின் வாசல் பக்கம்கூட அவர் போனதில்லை. ஆனால் மடத்தில் கேள்விக்குப் பதில் வராவிட்டாலும் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தாக வேண்டும். சாவியை வாங்கிக்கொண்டு போனார்.

ஒரு காலத்தில் மலேரியாக் காய்ச்சல் வந்து பல கன்னியர் இறந்துபோக, மடத்தைப் பன்னிரண்டு வருடம் பூட்டிப்போட்டிருந்தார்கள். நாளேடுகளைக் கரையான் தின்றது அப்போதுதான். மறுபடி திறந்தபோது வந்தவர்கள் எல்லாரும் புதியவர்கள். அவர்கள் கயிற்றைத் தரைவரைக்கும் இறக்கி, கீழே நின்றே மணியடிக்க வழிசெய்துகொண்டார்கள். அதற்குப் பிறகு போன வாரம்வரை மேலே ஏற யாருக்கும் அவசியமும் வரவில்லை, கதையைக் கேட்ட பிறகு தைரியமும் வரவில்லை. அடைக்கலமேரியும் முப்பது வருடமாகக் கீழே நின்றுதான் அடித்தார். ஒருநாளும் எண்ணிக்கை பிசகியதில்லை.

பிரகாசி சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அறுபதாம் படியில் மூச்சு வாங்கியது. இங்கேதான் சிசிலியும் ஏறியிருப்பாள் என்று நினைத்தார். நின்று ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொல்லிவிட்டு மறுபடி ஏறினார்.

மேலே ஒரு சின்ன அறை. நடுவில் மணி. நான்கு பக்கமும் ஜன்னல். ஜன்னல்களின் சுவர் மார்பளவு உயரம் இருந்தது. இதில் கால் தவறி விழ வேண்டுமானால் முதலில் ஒரு ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். அது கொஞ்சம் விசித்திரமாகப் பட்டது. ஆனால் நேரமாகிவிட்டது.

மத்தியான மணிக்குக் கணக்கு உண்டு. மூன்று அடித்து ஒரு ஜெபம், மறுபடி மூன்று அடித்து ஒரு ஜெபம், இன்னும் ஒருமுறை அப்படியே. கடைசியில் ஒன்பது. கீழே வயலில் நடவு நடுகிறவர்கள் அந்த ஒன்பதைக் கேட்டுத்தான் கரையேறிச் சாப்பிடுவார்கள்.

பிரகாசி மணியின் நாக்கைப் பிடித்து மூன்று அடித்தார். ஜெபம் சொன்னார். மறுபடி மூன்று. ஜெபம் சொல்லத் தலை நிமிர்ந்தபோது எதிர்ச் சுவரைப் பார்த்தார். சுண்ணாம்புப் பூச்சில் ஆணியால் கீறிய எழுத்துக்கள்.

'சூசன்னா 1874 – 1886.'

'சிசிலி 1886 – 1915.'

'அகத்தா 1915 –'

அகத்தாவுக்கு முடிந்த வருடம் இல்லை. அதற்குள் காய்ச்சல் வந்திருக்க வேண்டும்.

ஜெபம் பாதியில் நின்றது. நடுவில் இருந்த வரியை விரலால் தடவிப் பார்த்தார். பக்கத்தில் போய், தள்ளி வந்து, மறுபடி பக்கத்தில் போய்ப் படித்தார். அப்புறம் மணி ஞாபகம் வந்தது. எங்கே விட்டோம் என்று தெரியவில்லை. கைக்கு வந்தபடி அடித்தார். கீழே வயலில் பாதிப் பேர் கரையேறினார்கள், பாதிப் பேர் நின்று மலையைப் பார்த்தார்கள்.

இறங்கியபோது எழுபத்திரண்டு படியும் எங்கே போயின என்றே தெரியவில்லை. மதர் தெக்லா கோபுரத்தின் வாசலில் நின்றிருந்தார். கையில் ஒரு புது நோட்டு.

"மதர், அங்க சிசிலி பேரு இருக்கு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினஞ்சு வரைக்கும் மணி அடிச்சிருக்காங்க."

"பாத்துட்டீங்களா?"

"எண்பத்தேழுல விழுந்தவங்க எப்படி மதர் பதினஞ்சு வரைக்கும் அடிப்பாங்க?" கேட்டுவிட்டு, சரித்திர டீச்சர் அல்லவா, தானே ஒரு தடையும் சொன்னார். "ஒருவேளை வேற சிசிலியோ?"

ஒரே மடத்தில் ஒரே பெயரில் இரண்டு பேரை வைத்திருக்க மாட்டார்கள், பின்னால் வந்தவரின் பெயரை மாற்றிவிடுவார்கள் என்று மதர் நினைவுபடுத்தினார். அப்படி மாற்றியதால்தான் தனக்குத் தெக்லா என்று பெயர் வந்தது என்றும், அந்த வருத்தம் இன்னும் முழுசாகப் போகவில்லை என்றும் சொன்னார்.

"அப்ப அந்தத் தாள்ல எழுதியிருக்கிறது?"

"அதுக்கு முன்னாடி வேலையை முடிச்சுருவோம். இன்னைக்கு எத்தனை அடிச்சீங்க?"

"தெரியல மதர்."

"பதினாலு. பதினெட்டு அடிக்கணும்."

மதர் படியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். ஒழுங்குப் புத்தகத்தில் பதினேழாம் பத்தி என்று ஒன்று இருப்பதாகச் சொன்னார். மடத்தில் யார் எந்த வேலையில் பிசகினாலும் அன்றன்றைக்கு நாளேட்டில் குறிக்க வேண்டும், வேலை நடந்த இடத்தின் பெயரோடு. அடுப்பில் சோறு தீய்ந்தால் அடுக்களையில் தவறினார். செடி வாடினால் தோட்டத்தில் தவறினார். கூடவே அந்தத் தவறுக்கு உள்ள பரிகாரத்தையும் எழுத வேண்டும். மணியடிப்பவர் முப்பது வருடமாகத் தவறாததாலும் மற்றவர்கள் தவறுவதை எழுத நேரம் போதாததாலும் அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று என்றார்.

பிறகு எழுதினார். எழுதிய பக்கத்தைத் திருப்பிப் பிரகாசியிடம் கொடுத்தார்.

அன்றைய தேதிக்குக் கீழே இப்படி இருந்தது:

'சகோதரி பிரகாசி கோபுரத்தில் தவறினார். மூன்று நாள் மௌனம்.'

பிரகாசி ஒரு தடவை படித்தார். மறுபடி படித்தார். தன் கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார், அண்ணாந்து கோபுரத்தின் உச்சியைப் பார்த்தார். முழுசாக நின்றுகொண்டிருந்தார். அப்புறம் அழுகை வந்தது, நடுவில் சிரிப்பும் வந்தது, எது எதற்கு என்று அவருக்கே பிரிக்கத் தெரியவில்லை. சிசிலி எங்கும் விழவில்லை. மணியை எண்ணுவதில் பிசகினாள், மூன்று நாள் பேசாமல் இருந்தாள், நான்காம் நாள் மறுபடி மணியடித்தாள், அதற்குப் பிறகும் இருபத்தெட்டு வருடம் அடித்தாள். முப்பத்துநாலு வருடமாக அமுக்கிக்கொண்டிருந்த பாரம் அந்த வாசல் படியிலேயே இறங்கிவிட்டது.

உடனே சுனைக்குளத்துக்கு ஓடித் தம்பி ராயப்பனிடம் சொல்ல வேண்டும். நம்ம வீட்டில் யாரும் விழவில்லையடா என்று தெருவில் நின்று சொல்ல வேண்டும். பிரகாசி வாயைத் திறந்தார்.

மதர் நோட்டை மூடினார்.

"மூணு நாள் சிஸ்டர்," என்றார். "இப்பலேருந்து."

முப்பத்துநாலு வருடம் வாய் திறக்காமல் இருந்தவருக்கு அந்த மூன்று நாள்தான் நீளமாக இருந்தது. தினமும் மூன்று வேளையும் ஏறி மணி அடித்தார். ஒன்றும் பிசகவில்லை. ஜன்னல் வழியே தம்பி வீட்டு ஓடு தெரிந்தது. அதைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு இறங்குவார். பள்ளிக்கூடத்துச் சிலேட்டு ஒன்று இருந்தது. தாங்க முடியாதபோது அதில் எழுதி மதரிடம் நீட்டுவார்.

இரண்டாம் நாள் எழுதியது: 'போன வாரம் கயிறு அறுந்தபோது நீங்கள் மேலே ஏறினீர்கள். அப்போதே பார்த்திருக்கிறீர்கள். நான் வந்து கேட்டபோது ஏன் சொல்லவில்லை?'

"சொல்லியிருந்தா நோட்டுல அறுபத்தோராவது கதையா எழுதியிருப்பீங்க," என்றார் மதர். "பக்கத்துல 'சொன்னது: மதர் தெக்லா'ன்னும் போட்டிருப்பீங்க."

பிரகாசி சிலேட்டை அழித்தார்.

மூன்றாம் நாள் எழுதியது: 'சிசிலிக்காகச் சொன்ன அந்தப் பத்தை இனி என்ன செய்வது?'

மதர் சிலேட்டை வாங்கிப் படித்தார்.

"நிறுத்திராதீங்க. ஆளை மட்டும் மாத்துங்க. அந்த மலரை எழுதின சாமியாருக்குச் சொல்லுங்க. அவருக்குத்தான் வேணும்."

நான்காம் நாள் மத்தியானம் மணியடித்து இறங்கிய கையோடு பிரகாசி மதரிடம் வந்து நின்றார். தம்பி வீட்டுக்குப் போக அனுமதி கேட்டார். அனுமதி கிடைத்தது. செருப்பை மாட்டிக்கொண்டவர் திரும்பி நின்றார். மலர் அச்சுக்குப் போக இன்னும் ஆறு நாள் இருந்தது. முதலில் கேட்ட கேள்வி அப்படியே இருந்தது, ஆனால் இப்போது கேட்கும்போது குரல் உடையவில்லை.

"எழுதவா மதர், விடவா?"

"எழுதுங்க. சாமியார் எழுதின கதையை அப்படியே போடுங்க. அதுக்குக் கீழ அந்தத் தாள்ல இருக்கிற வரி. அதுக்குக் கீழ நம்ம நாளேட்டு வரி. சகோதரி பிரகாசி கோபுரத்தில் தவறினார். வேற ஒண்ணும் எழுத வேண்டாம்."

"ஜனங்க படிச்சுட்டுப் பதறிப்போய் வருவாங்களே மதர். இந்த சிஸ்டர் எந்த இடத்துல விழுந்தாங்கன்னு கேப்பாங்க."

"வருவாங்க, கதவையும் தட்டுவாங்க," என்றார் மதர் தெக்லா. "நீங்களே போய்த் திறங்க."